பெரியப்பாவின் புதுத் துப்பாக்கி

எங்கள் பெரியப்பாவுக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் பழைய ஏர்கன்களை வாங்கிச் சேர்ப்பது. குடி இல்லை, சீட்டு இல்லை, வெற்றிலைகூட இல்லை. அதனால் இந்த ஒன்றை யாரிடமாவது குறையாகச் சொல்லி ஆறுதல் வாங்கிக்கொள்ளவும் பெரியம்மாவுக்கு வழியில்லாமல் போயிற்று. புருஷன் காற்றடைத்த துப்பாக்கி வாங்குகிறான் என்று சொன்னால் கேட்கிறவர்கள் சிரித்துவிடுவார்கள்.

சித்தூரிலிருந்து வேலூர் போகும் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால், ஏரிக்கரையை ஒட்டி அவருடைய மாந்தோப்பும் மாடி வீடும். நாங்கள் இருந்தது நகரியில். என் அப்பா, நாங்கள் கூப்பிடுவது நைனா, அங்கே பவர்லூம் ஓட்டிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் மூடியதும் என்னை அந்தத் தறிச் சத்தத்திலிருந்து பெயர்த்தெடுத்துப் பெரியப்பா வீட்டில் விட்டுவிடுவார்கள். மாம்பழக் காலம் முடிகிறவரை நான் தோப்பு வாசி.

வீட்டின் மாடியில் ஒரே ஒரு அறை, மிச்சமெல்லாம் மொட்டை மாடி. அறைச் சுவரில் மர முளைகள் அடித்து அவற்றின்மேல் துப்பாக்கிகளைப் படுக்க வைத்திருந்தார். ஒன்று பர்மிங்ஹாமில் செய்தது. குழலுக்குக் கீழே நீளமான இரும்புக் கை ஒன்று இருக்கும். அதைப் பிடித்து இழுத்துத்தான் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை இறுக்க வேண்டும். வேலூரில் பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்துக் கிடந்ததைத் தூக்கிவந்து ஒரு மழைக்காலம் முழுக்கத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தார். அவருடைய உடைமைகளில் அதுதான் ராஜா. ஜெர்மனியில் செய்தது இன்னொன்று. ரேணிகுண்டாவில் ரயில்வே கார்டாக இருந்த ஆங்கிலோ இந்தியர் ஒருவர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகும்போது கொடுத்துவிட்டுப் போனது. ஊர்த் திருவிழா ஜாத்திரையில் பலூன் சுடும் கடையிலிருந்து வந்தது மூன்றாவது. யாரும் சுலபத்தில் பரிசு வாங்கிவிடக் கூடாதென்று கடைக்காரன் அதன் குறியை வேண்டுமென்றே இடப்பக்கம் தள்ளி வைத்திருந்தான். பெரியப்பா அதைச் சரிசெய்யவே இல்லை. பிழைப்புக்காகப் பொய் சொன்ன துப்பாக்கி, இந்த வயதில் அதை ஏன் திருத்த வேண்டும் என்பார்.

உயிருள்ள எதையும் அவர் சுட்டதில்லை. கொட்டாங்கச்சி, சோடா மூடி, மருந்து டப்பா, இவைதான் அவருடைய எதிரிகள். கிளிகள் அவருக்கு முன்னாலேயே கிளையில் உட்கார்ந்து மாங்காயைக் கடித்துப் போட்டுக்கொண்டிருக்கும்.

ஈயக் குண்டு டப்பாவை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்று, கேட்கும்போது ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பது என் வேலை. எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவள் அக்கா, பெரியப்பாவின் ஒரே மகள். அவள் குண்டு மட்டும் எடுத்துக் கொடுத்தவள் இல்லை. அவரைவிட நன்றாகச் சுடுவாள். அவள் சுட்டு மூடி பறந்தால், தானே சுட்டதுபோல அவர் சுற்றுமுற்றும் பார்ப்பார்.

அந்த அக்கா, ஏரிக்கு அந்தப் பக்கத்துக் காலனியில் இருந்த, தன்னோடு சித்தூரில் படித்த பையனை யாரையும் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். அவர்கள் வேறு சாதி. அன்றைக்குப் பெரியப்பா ஏரிக்கரையில் ஊர்க்காரர்கள் எதிரில், கண்ணில் பட்டால் சுட்டுவிடுவேன் என்று கத்தினாராம். கோபம் வந்த தகப்பன்மார் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் மற்றத் தகப்பன்மார் வீட்டில் துப்பாக்கி இருப்பதில்லை.

அதற்கப்புறம் அந்த வீட்டில் அக்கா பேச்சை யாரும் எடுப்பதில்லை. பெரியம்மாவின் போனுக்கு அக்கா ஒருமுறை கூப்பிட்டாளாம்; அவள் குரலைக் கேட்டதுமே பெரியம்மா பயந்து வைத்துவிட்டாளாம். அக்காவுக்குக் குழந்தை பிறந்ததை, மாங்காய் லோடு ஏற்ற வந்த உறவுக்காரர் ஒருவர் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் தன் போனில் இருந்த போட்டோவைப் பெரியப்பாவின் முகத்துக்கு நேராக நீட்டினார். வெயிலில் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா எழுந்து போனார். அவர் உட்கார்ந்திருந்ததோ மாமரத்து நிழலில்.

புதிய துப்பாக்கி எதுவும் அவருக்குப் பிடிக்காது. திருப்பதியிலிருந்து வந்த சொந்தக்காரப் பையன் ஒருவன் ஒருமுறை தன்னுடைய புது ஏர்கன்னைக் கொண்டுவந்து காட்டினான். தோளில் வைக்கும் கட்டை கறுப்பு பிளாஸ்டிக். ஸ்பிரிங்குக்குப் பதிலாக உள்ளே அடைத்த கேஸ். மேலே, தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் கறுப்புக் குழாய்போல ஒரு ஸ்கோப். பெரியப்பா அதை வாங்கித் தோளில் வைத்துப் பார்த்தார். ஒருமுறை சுட்டும் பார்த்தார். மூடி சரியாகப் பறந்தது. அது பறந்ததே அவருக்குப் பிடிக்கவில்லை.

“பக்கெட்டுக்குக் கொழா வெச்ச மாறி கீது,” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவன் போன பிறகு எனக்கு நீண்ட விளக்கம் கிடைத்தது. பழைய துப்பாக்கி சுடும்போது முன்னும் பின்னும் ஒரு ஆட்டம் ஆடும். அந்த ஆட்டத்தோடு கூடப் போகக் கற்றுக்கொண்டால்தான் குறி வசப்படும். அக்ரூட் கட்டை கன்னத்தின் சூட்டை வாங்கிக்கொள்ளும், பிளாஸ்டிக் வாங்காது. பழையதில் சுட்டவுடன் ஸ்பிரிங் ‘டொய்ங்’ என்று பதில் சொல்லும்; புதியது ஊமை. ஸ்கோப் என்பது கண் இல்லாதவனுக்கு. இரும்புக் குறியில் பார்த்துச் சுடத் தெரியாதவன் ஸ்கோப்பில் பார்த்துச் சுட்டால் அது சுட்டதே ஆகாது. இதையெல்லாம் மனப்பாடம் செய்து, நகரியில் என் சிநேகிதிகளிடம் அப்படியே ஒப்பித்தேன். அவர்களில் யாரும் ஏர்கன்னைப் பார்த்ததுகூட இல்லை என்பதால் எனக்கு நல்ல மரியாதை கிடைத்தது.

ஆகவே அடுத்த கோடையில் அவர் என்னைத் திருப்பதிக்குக் கூப்பிட்டபோது நான் எதையும் சந்தேகிக்கவில்லை. மலைக்குத்தான் போகிறோம் என்று நினைத்துப் பெரியம்மா எனக்குத் தலை பின்னி, லட்டை வழியிலேயே தின்று தீர்த்துவிடாதே என்று சொல்லி அனுப்பினாள். பெரியப்பா பழைய போர்வையில் நீளமாக எதையோ சுற்றித் தோளில் வைத்திருந்தார். பஸ்ஸில் கண்டக்டர் என்னவென்று கேட்டதற்குக் கடப்பாரை என்றார்.

திருப்பதியில் மலைக்குப் போகிற பஸ்கள் நின்ற பக்கமே அவர் திரும்பவில்லை. கடைத்தெருவில் விளையாட்டுச் சாமான்கள் விற்கும் கடையொன்றின் மாடிக்கு என்னைக் கூட்டிப்போனார். அங்கே போர்வையை அவிழ்த்தபோதுதான் உள்ளே இருந்தது பர்மிங்ஹாம் துப்பாக்கி என்று தெரிந்தது. கடைக்காரர் அதைக் கையில் வாங்காமல் முதலில் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தெலுங்கில், இதை எதற்கு விற்கிறீர்கள், உங்களுக்கு என்ன கஷ்டம் என்று கேட்டார். கஷ்டமெல்லாம் ஒன்றுமில்லை, இதை வைத்துக்கொண்டு ஸ்கோப் வைத்த புதுசு ஒன்று கொடு என்று பெரியப்பாவும் தெலுங்கிலேயே சொன்னார். தமிழில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லையோ என்னவோ.

கடைக்காரர் வரிசையாகப் புதுத் துப்பாக்கிகளை எடுத்து வைத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு வேகம், எவ்வளவு தூரம் சுடும் என்று சொல்லிக்கொண்டே போனார். பெரியப்பா அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. எவ்வளவு தூரம் தெரியும் என்று மட்டும் கேட்டார். கடைக்காரர் ஒரு ஸ்கோப்பைத் தனியாக எடுத்து ஜன்னலருகே அவரைக் கூட்டிப்போய் மலையைக் காட்டினார். பெரியப்பா வெகுநேரம் பார்த்துவிட்டு, மலைப்பாதையில் வளைந்து ஏறும் பஸ்ஸின் ஜன்னல்கள் தெரிகின்றன, ஆனால் கை ஆடுகிறது, உள்ளே இருக்கும் ஆள் முகம் தெரியவில்லை என்றார். துப்பாக்கியில் பொருத்தி மணல் மூட்டைமேல் வைத்தால் ஆடாது, முகமும் தெரியும் என்றார் கடைக்காரர். வியாபாரம் அங்கேயே முடிந்தது. புது ஈயக் குண்டு டப்பா ஒன்றும் கொடுத்தார். அதை நான் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

லட்டு எங்கே என்று பெரியம்மா கேட்டாள். போர்வையை அவிழ்த்துக் காட்டினோம். அவள் கறுப்புத் துப்பாக்கியைப் பார்த்தாள், சுவரில் பர்மிங்ஹாம் இருந்த இடத்தைப் பார்த்தாள். நேராக அடுப்படிக்குப் போனாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்திருந்த எனக்கு அது அதிசயமாக இருந்தது. வழக்கமாக ஒரு பழைய ஸ்பிரிங் வாங்கினாலே திட்டுவாள்.

மறுநாள் காலையில் தொடங்கியது அந்த விசித்திரமான பழக்கம். வெயில் ஏறத் தொடங்கியதும் பெரியப்பா மொட்டை மாடிக்கு வருவார். மேற்குப் பக்கத்துக் கைப்பிடிச் சுவர்மேல் மணல் மூட்டையை வைத்து, அதன்மேல் துப்பாக்கியைப் படுக்க வைத்து, பின்னால் முக்காலியில் உட்கார்ந்து ஸ்கோப்பில் கண்ணை வைப்பார். நான் டப்பாவோடு பக்கத்தில் நிற்பேன். புதியதையும் சுவரில் இருந்த ஜெர்மன்காரனையும் ஒரே தூரத்தில் சுட்டு, எது ஒழுங்கு என்று போட்டி வைத்துப் பார்த்துவிடலாம் என்று அவர் என்னிடம் வாக்குக் கொடுத்திருந்தார். தோப்பில் கொட்டாங்கச்சிகளைக்கூட நான் கட்டித் தொங்கவிட்டுவிட்டேன். அவை தொங்கிய திசை வேறு, அவர் பார்த்த திசை வேறு.

சுடலாமா என்று கேட்டால் காற்று அடிக்கிறது என்பார். காற்று நின்றால் வெளிச்சம் சரியில்லை என்பார். புதுத் துப்பாக்கி, கொஞ்ச நாள் வெயிலில் வைத்துப் பழக்க வேண்டும் என்று ஒருநாள் சொன்னார். நான் நம்பினேன். ஒரே ஒரு தடவை நானும் ஸ்கோப்பில் பார்க்கிறேன் என்றால் கண் கெட்டுவிடும் என்றார். அவருடைய கண் கெடாதா என்று கேட்டேன். அது ஏற்கெனவே கெட்டதுதான் என்றார். ஈயக் குண்டு டப்பாவின்மேல் ஒட்டியிருந்த காகிதம்கூடக் கிழியவில்லை.

ஒருநாள் காலை, பெரியம்மா ஊறுகாய் மாங்காய்த் துண்டுகளை முறத்தில் எடுத்துக்கொண்டு காய வைக்க மாடிக்கு வந்தாள். புதுத் துப்பாக்கி வந்த பிறகு அவள் மேலே வந்தது அதுதான் முதல் தடவை. படியில் அவள் தலை தெரிந்தது, பிறகு நின்றுவிட்டது. பெரியப்பா அவளைக் கவனிக்கவில்லை. அவள் துப்பாக்கியைப் பார்த்தாள். அதன் குழல் காட்டிய திசையைப் பார்த்தாள். ஏரி அந்தக் கோடையில் வற்றி நடுவில் கொஞ்சம் தண்ணீரோடு கிடந்தது. அதற்கு அக்கரையில், அக்கா போன காலனியில் புதிதாகக் கட்டிய வெள்ளை வீட்டின் மொட்டை மாடி. வெறும் கண்ணுக்கு அங்கே துணி காய்வது மட்டும் தெரியும்.

பெரியம்மா முறத்தைத் தரையில் வைத்தாள். ஓடவில்லை, கூச்சல் போடவில்லை. நடந்துவந்து கைப்பிடிச் சுவருக்கும் பெரியப்பாவுக்கும் நடுவில் புகுந்து, குழலின் வாயை உள்ளங்கையால் மூடினாள். 

“மொதல்ல என்னச் சுடு,” என்றாள். “அப்பால அங்க சுடு.”

பெரியப்பா கண்ணை எடுத்து அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் என்ன சொல்கிறாள் என்பது அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவர் முகம் மாறியது; அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. யாரோ அடித்துவிட்டதுபோல இருந்தது.  அவர் என் பக்கம் திரும்பி, அந்த டப்பாவைப் பெரியம்மாவிடம் காட்டு என்று மெல்லச் சொன்னார்.

நான் காட்டினேன். பெரியம்மா காகிதம் கிழியாத டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான், இன்னும் ஒரு குண்டுகூடச் சுடவில்லை, பெரியப்பா தினம் ஏமாற்றுகிறார் என்று என் புகாரையும் சேர்த்துச் சொன்னேன்.

பெரியப்பா முக்காலியைவிட்டு எழுந்தார். “உக்காரு. கண்ண ரொம்ப ஒட்டி வெக்காத. கொஞ்சம் தள்ளி வெச்சிப் பாரு,” என்றார்.

பெரியம்மா உட்கார்ந்தாள். எந்தக் கண்ணை மூடுவது என்று தெரியாமல் முதலில் இரண்டையும் மூடிக்கொண்டாள். அவர் அவளுடைய இடது கண்ணைத் தன் கையால் பொத்தினார். அவள் பார்த்தாள். அப்படியே இருந்தாள். முறத்தில் இருந்த மாங்காயை ஒரு காக்காய் வந்து கொத்தியது, அவள் திரும்பவில்லை. அவளுடைய கண்ணைப் பொத்தியிருந்த பெரியப்பாவின் விரல் சந்துகளில் தண்ணீர் வழிந்தது. கண் கெட்டுவிடும் என்று அவர் சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

“எத்தினி நாளா பாத்துக்கினு கீற?” என்று கேட்டாள்.

வாங்கினதிலிருந்து என்றார் அவர்.

“எனுக்கு ஒரு வார்த்த சொல்லல.”

 பெரியம்மாவுக்கு அப்போது வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. அவர் கையைத் தட்டிவிட்டாள். இத்தனை நாளும் மேலே உட்கார்ந்து தனியாகவே பார்த்துக்கொண்டிருந்தாயா, நான் கீழே புகையில் வெந்துகொண்டிருக்கிறேன் என்று அழுதாள். தனக்கும் ஒரு முறை தராமல் அவர் ஒருவரே புதுத் துப்பாக்கியை வைத்துக்கொண்டதற்காக அழுகிறாள் என்றுதான் நான் புரிந்துகொண்டேன். எனக்கும் அதே வருத்தம் இருந்ததால் அவள் பக்கம் போய் நின்றேன்.

இன்றைக்கு யோசிக்கும்போது, அவர் ஒரு பைனாகுலர் வாங்கியிருக்கலாமே என்று தோன்றுகிறது. ஆனால் பைனாகுலரோடு மாடியில் நிற்கிறவனை, என்ன பார்க்கிறாய் என்று யார் வேண்டுமானாலும் கேட்பார்கள். துப்பாக்கிக்காரனை யாரும் கேட்கமாட்டார்கள். ஊரெல்லாம் அறிந்த அவருடைய பைத்தியத்துக்குள்ளேயே இதையும் ஒளித்துக்கொண்டார். அதைப் பார்க்கிற மனைவிக்கு வேறு மாதிரி தெரியும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை.

பெரியம்மா கீழே போனாள். முகம் கழுவி, நல்ல சேலை கட்டிக்கொண்டு, கூடையில் மாம்பழத்தை அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். போகவா என்று அவரைக் கேட்கவில்லை. வாசலில் இருந்தே மேலே பார்த்து, “நீ அங்கியே குந்திக்கினு பாரு. நான் போய்ப் பாத்துட்டு வரேன்,” என்று சொல்லிவிட்டு ஏரிக்கரைமேல் நடக்க ஆரம்பித்தாள்.

பெரியப்பா மறுபடி ஸ்கோப்பில் கண்ணை வைத்தார். கரையோடு அவள் போகப் போகத் துப்பாக்கியும் மெல்லத் திரும்பிக்கொண்டே வந்தது. வெள்ளை வீட்டை அவள் அடைந்ததும் துப்பாக்கியும் நின்றது. பிறகு அவர் சட்டென்று கீழே குனிந்து, கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அங்கே என்ன நடக்கிறது, பார்த்துச் சொல் என்றார் என்னிடம். நான் அவ்வளவு நாள் கெஞ்சியது இப்படித்தான் என் கைக்கு வந்தது. முக்காலியில் ஏறி மண்டியிட்டுப் பார்த்தேன். கறுப்பு வட்டத்துக்குள் அக்கா. கொஞ்சம் பருத்திருந்தாள். இடுப்பில் எண்ணெய் தேய்த்த குழந்தை வெயிலில் மின்னியது. பெரியம்மா எங்கள் வீட்டுப் பக்கம் கையை நீட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா குழந்தையை இரண்டு கையாலும் தூக்கி இந்தப் பக்கம் பார்க்க வைத்துப் பிடித்தாள்.

“அக்கா பெரிப்பா,” என்றேன். “கொழந்தைய மேல தூக்கிக் காட்டுது.”

பெரியப்பா இன்னும் தாழ்வாகக் குனிந்துகொண்டார். அவ்வளவு தூரத்தில் அவர்களுடைய வெறும் கண்ணுக்கு நாங்கள் வெறும் புள்ளியாகத்தான் தெரிந்திருப்போம். அதைச் சொன்னேன். அவர் அசையவில்லை. அக்கா இறக்காமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தாள். இன்னும் தூக்கிக்கொண்டு இருக்கிறாளா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டார். ஆமாம், கை வலிக்கும்போல, ஆனாலும் இறக்கவில்லை என்றேன்.

அவர் எழுந்தார். சட்டை போட்டுக்கொள்ளாமல், துண்டை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். போட்டி வைப்பதாகச் சொன்னீர்களே என்று மேலேயிருந்து கத்தினேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

கரைமேல் அவர் போவதை ஸ்கோப்பிலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். வேகமாகப் போனவர் மதகு வந்ததும் நின்றுவிட்டார். அந்தப் பக்கத்திலிருந்து அக்கா குழந்தையோடு கரையில் ஏறி வந்தாள். பெரியம்மா தள்ளி நின்றுகொண்டாள். அக்கா அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கட்டிப்பிடிப்பார்கள் அல்லது சண்டை போடுவார்கள் என்று நான் காத்திருந்தேன். அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவளும் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குழந்தை மட்டும் அவருடைய துண்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. வெகுநேரம் அப்படியே நின்றார்கள்.

அப்படி என்னதான் இருக்கிறது ஏரியில் என்று நானும் துப்பாக்கியை மெல்லத் திருப்பினேன். வெடித்த சேறு. சேற்றில் எருமைகளின் முதுகு. தண்ணீர் ஓரத்தில் இரண்டு கொக்கு. விட்டுவிட்டேனோ என்று ஓரம் ஓரமாகத் தேடினேன், வேலிகாத்தான் புதர்களுக்குள்ளும் தேடினேன். ஒன்றும் அகப்படாமல் மதகுப் பக்கம் திருப்பியபோது கரையில் யாரும் இல்லை. எல்லோரும் அந்த வெள்ளை வீட்டுக்குள் போயிருந்தார்கள்.

மாலையில் பெரியம்மா வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் கேட்டேன். பெரியப்பாவும் அக்காவும் அவ்வளவு நேரம் ஏரியில் எதைப் பார்த்தார்கள் என்று. அவள் ஒன்றுமில்லை என்றாள். எனக்கு மட்டும் சொல்லாமல் மறைக்கிறார்கள் என்று நினைத்து, அந்த விடுமுறை முடிகிறவரை தினமும் மாடியேறி ஏரியில் தேடிக்கொண்டிருந்தேன்.